பயனாளியின் கோப்பு யாருடையது?

தொண்டு நிறுவனங்கள் தம்மிடம் உதவி பெறுவோரின் சொந்த விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டு எழுதிய வாசகர்களில் நால்வருக்கு இங்கே பதில்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பித்தேன். உதவி கிடைத்தது. ஆனால் மகன் காசோலை வாங்கும் படத்தோடு அவன் பெயர், பள்ளி, வகுப்பு, அவன் தந்தை குடியால் இறந்தது வரை முகநூலில் போட்டுவிட்டார்கள். அவன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். நீக்கச் சொன்னால், "படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பதிவு வெளியான தேதியையும் அதன் இணைப்பையும் குறிப்பிட்டு, "மகனின் படத்தையும் விவரங்களையும் வெளியிட அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்" என்று நிர்வாக அறங்காவலருக்குக் கடிதம் எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். முகநூலை மட்டும் குறிப்பிடாமல், ஆண்டறிக்கை, நன்கொடையாளர்களுக்குப் போகும் வாட்ஸ்அப் செய்திகள், அலுவலகச் சுவரில் தொங்கும் பதாகை ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எடுத்த ஒரே படத்தை எல்லா இடத்துக்கும் அனுப்புவதுதான் வழக்கம்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி அளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். கட்டணம் கட்ட முடியாத நிலையில் நீட்டப்பட்ட படிவத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிக்குக் கீழே போட்ட கையெழுத்தைச் சுதந்திரமான ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்வி உதவிக்குத் தேவையானவை பள்ளியின் சான்றும் கட்டண ரசீதும்தான். தந்தை எப்படி இறந்தார் என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே இந்தப் பதிவுக்காக உடனே, இச்சட்டத்தின்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போய் நிற்க முடியாது. எனினும் அறக்கட்டளைக்குத் தன் பெயர் முக்கியம். சட்டப் பிரிவைச் சுட்டி முறையாக எழுதப்பட்ட கடிதத்தைப் பெரும்பாலும் அலட்சியப்படுத்த மாட்டார்கள். (சிறார் நீதிச் சட்டத்தின்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றால் நிலைமையே வேறு: அந்தக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி குற்றம், 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.)

கேள்வி: மூன்று ஊழியர்களைக் கொண்ட சிறிய அறக்கட்டளையின் செயலாளர் நான். 20 ஆண்டுகளாகச் சேர்ந்த விண்ணப்பங்களும் ஆதார் ஜெராக்ஸ்களும் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. புதியவை ஓர் ஊழியரின் சொந்த லேப்டாப்பில் எக்செல் கோப்பாக உள்ளன. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் அபராதம் என்கிறார்களே, அது எங்களுக்கும் உண்டா?
- வாசகர், கரூர்

பதில்: ஐயா, சேவை செய்பவர் என்பதற்காகச் சட்டம் யாருக்கும் தானாக விலக்கு அளிப்பதில்லை. காகிதத்தில் மட்டும் இருப்பது இச்சட்டத்தின் எல்லைக்குள் வராது. ஆனால் அதைக் கணினியில் ஏற்றிய கணமே வந்துவிடும். 250 கோடி என்பது தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கான உச்சவரம்பு. தவறின் தன்மை, அதன் கடுமை, பாதிப்பைக் குறைக்க எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை எடைபோட்டே வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கவலை தருவது உங்கள் பீரோதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, மருத்துவ உதவி விண்ணப்பம் ஒன்றின் பாதிப் பக்கம் என் கையில் இருந்தது. பெயர், தெரு, கதவு எண், கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை என்ற ஒரு வரி, மூலையில் எண்ணெய் ஊறிய ரப்பர் ஸ்டாம்ப். யாரும் பூட்டை உடைத்துத் திருடவில்லை. ஆயுத பூஜைக்கு அலுவலகத்தைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருப்பார்கள். அந்த அம்மாள் உதவி கேட்டு எழுதியதை நான் கடலையோடு சேர்த்துப் படித்தேன்.

ஆகவே பீரோவைத் திறந்து, எது ஏன் இருக்கிறது என்று ஒவ்வொரு கோப்பாகக் கேளுங்கள். பணம் கொடுத்ததற்கான வவுச்சரையும் ரசீதையும் வருமானவரிச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று உங்கள் ஆடிட்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வவுச்சருக்குப் பின்னால் குத்தியிருக்கும் ஸ்கேன் அறிக்கைக்கும் குடும்பத் தகராறு பற்றிய கடிதத்துக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. உதவி முடிந்து, கணக்கும் தணிக்கையாகிவிட்டால் அவற்றைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிடலாம். இயந்திரம் இல்லையென்றால் ஊழியர் ஒருவர் நின்று பார்க்க எரித்துவிடுங்கள்.

ஆதார் விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. நன்கொடையாளர் பெறும் வரிச்சலுகைக்காக (80ஜி என்று அறியப்பட்டது) வருமானவரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் பட்டியலில் இருப்பவை நன்கொடை அளித்தவரின் விவரங்களே. உதவி பெற்றவரின் ஆதாரை அங்கே யாரும் கேட்கவில்லை. ஆளை உறுதிப்படுத்த அசல் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். நகல் வேண்டியே தீரும் என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேட்டு வாங்குங்கள்.

எக்செல் கோப்பை ஊழியரின் லேப்டாப்பிலிருந்து அலுவலகக் கணினிக்கு மாற்றி, கடவுச்சொல் இட்டு, பெயரும் முகவரியும் ஒரு கோப்பிலும் நோயும் வருமானமும் இன்னொரு கோப்பிலும் இருக்கும்படி பிரித்து, இரண்டையும் ஒரு வரிசை எண்ணால் மட்டும் இணைத்து வையுங்கள். எவ்வளவு பெரிய பூட்டும் உடையக்கூடியதே: 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தரவுகளுக்குள்ளேயே ஊடுருவல் நடந்து, போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உள்ளிட்ட 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாட்கள் கைக்குப் போயின. நீங்கள் வாங்கி வைக்காத விவரத்தை மட்டும் யாராலும் திருட முடியாது.

கேள்வி: நான் ஆண்டுதோறும் நன்கொடை தருகிறேன். பயனாளிகளின் பெயர், தொலைபேசி எண் பட்டியலைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். என் பணம் எங்கே போகிறது என்று அறிய எனக்கு உரிமை இல்லையா?
- வாசகர், சென்னை

பதில்: பணம் எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று கேட்க இல்லை. தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், பெயர் நீக்கிய வவுச்சர்களைப் பாருங்கள். மறுத்தவர்கள் பயனாளிகளைக் காக்கிறார்கள்; அடுத்த ஆண்டும் அவர்களுக்கே கொடுங்கள்.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான ஆதரவுக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். மாதக் கூட்டத்தை நினைவூட்ட எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். ஓர் உறுப்பினர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். இதில் என்ன தவறு?
- வாசகர், மதுரை

பதில்: தம்பி, அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லோரின் எண்ணையும் பார்க்கலாம். அதில் ஒருவர் பக்கத்துத் தெருக்காரராக இருந்துவிட்டால், குழுவின் பெயரே மிச்சத்தைச் சொல்லிவிடும். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017, நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது. இத்தகைய விவரங்களை வைத்திருக்கும் அமைப்புகள் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

இதே தவறு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் எச்.ஐ.வி. ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் 105 பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பியபோது, எல்லா முகவரிகளும் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் பதிவாகிவிட்டன. அவற்றில் 65 முகவரிகளிலிருந்து ஆளையே அடையாளம் காண முடிந்தது. பாதுகாப்பான முறையை முன்பே வாங்கி வைத்திருந்தும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்று கண்ட பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், 2021-இல் 10,000 பவுண்டு அபராதம் விதித்தது.

நீங்கள் இன்றே குழுவைக் கலைத்துவிடுங்கள். வெளியேறியவரிடம் நேரில் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். மற்ற உறுப்பினர்களுக்கும் அவர்கள் எண்கள் யார் யாருக்குத் தெரிந்தன என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இனி பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் பெறுபவர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சேமிக்கச் சொல்லும்போது எந்தப் பெயரில் சேமிப்பது என்பதை அவரவரிடமே விட்டுவிடுங்கள். செய்தியிலும் "எச்.ஐ.வி." என்ற சொல் வேண்டாம், "ஞாயிறு 10 மணி, வழக்கமான இடம்" என்பது அவர்களுக்குப் புரியும்.