விற்பனைப் பொருளுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து மூன்று எல்இடி விளக்குகள் போட்டும் வீடியோவில் பின்னணி சாம்பலாகவே தெரிகிறது. நான்காவது விளக்கு வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கும் மூன்றில் இரண்டைப் பொருளிடமிருந்து திருப்பிப் பின்னணியின் மீது அடியுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் ஊறுகாய், மாம்பழக்கூழ் போன்ற வீட்டுத் தயாரிப்புகளுக்குச் சிறு வீடியோக்கள் எடுத்துத் தருகிறேன். தொடக்கத்தில் நானும் நீங்கள் செய்ததையே செய்தேன். மகளிர் குழு அக்கா ஒருவர் தம் ஆவக்காய் பாட்டிலின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "தம்பி, என் ஊறுகாய் இவ்வளவு கறுப்பா இருக்காதே" என்றார். அவர் சொன்னது சரிதான். சட்டகம், அதாவது கேமராவில் தெரியும் காட்சி, முழுவதும் வெள்ளையாக இருந்தால், கேமராவின் தானியங்கி ஒளி அளவீடு அதை நடுத்தரச் சாம்பலாகக் கருதி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். செல்பேசியில் எடுப்பவராக இருந்தால், பொருளின் மீது விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிட்டு, பிறகு சற்று மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் தூரம். விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் ஒளி கால் பங்காகும். ஓரடி தள்ளி வைத்த சிறிய விளக்கு பாட்டிலை நன்றாகக் காட்டினாலும், அதற்கும் ஓரடி பின்னால் இருக்கும் தாளுக்குக் கால் பங்கு வெளிச்சமே கிடைப்பதால், தாள் எவ்வளவு வெண்மையானதாக இருந்தாலும் சாம்பலாகத்தான் பதிவாகும். ஆகவே பொருளைப் பின்னணியிலிருந்து மூன்று நான்கு அடி முன்னால் நகர்த்தி, பின்னணிக்கு இருபுறமும் ஒவ்வொரு விளக்கு, பொருளுக்கு ஒன்று என்று பிரித்துவிட வேண்டும். பின்னணி பொருளைப் போல இரண்டு மடங்கு வெளிச்சமாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாட்டிலின் விளிம்புகள் கரைந்து, படம் முழுவதும் பனிமூட்டம் படிந்தது போலாகிவிடும்.

பொருளுக்கான விளக்கை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் வைத்து, இடையே வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிடுகிறேன். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஒரு தெர்மாகோல் பலகை. வேட்டி சொட்டுநீலம் போடாததாக இருக்கட்டும். நீலம் ஏறிய துணி வழியே வந்த வெளிச்சத்தில் மாம்பழக்கூழின் மஞ்சள் மங்கிப்போனதைப் பார்த்த பிறகே இதை நான் கற்றுக்கொண்டேன்.

என்னை அதிகம் படுத்தியது எவர்சில்வர் மூடிதான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த மூடியில் என் சிவப்புச் சட்டை, ஜன்னல் கம்பிகள், மேலே சுற்றும் மின்விசிறி எல்லாம் குட்டி குட்டியாகத் தெரிந்தன. பளபளப்பான பரப்பு தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும் என்பதால் அதன் மீது கூடுதல் வெளிச்சம் அடித்துப் பயனில்லை. அது பார்க்கும் திசையில் சாய்வாகப் பெரிய வெள்ளைப் பலகையை நிறுத்த வேண்டும். கண்ணாடிக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் பாட்டிலின் ஓரங்கள் பின்னணிக்குள் மறைந்துவிடும். சட்டகத்துக்குச் சற்று வெளியே, பாட்டிலின் இருபுறமும் கறுப்புச் சார்ட் அட்டையை இரண்டங்குல அகலத்தில் வெட்டி நிறுத்தினால், இரு விளிம்புகளிலும் மெல்லிய கருங்கோடு விழுந்து உருவம் தெளிவாகப் பிரியும். செலவே இல்லாத இந்த அட்டைகள்தாம் என் வேலையை எல்லாவற்றையும்விட அதிகமாக மாற்றின.

புகைப்படமாக இருந்தால் பின்னணியைக் கணினியில் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். நொடிக்கு 25 சட்டகம் என்ற கணக்கில் அரை நிமிட வீடியோவிலேயே 750 சட்டகங்கள் வந்துவிடுவதால், வெண்மையை எடுக்கும் இடத்திலேயே சரிசெய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைக்காவிட்டால் வெள்ளைப் பின்னணியில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். வேறு எந்த நிறத்தையும்விட வெள்ளையில்தான் அது பளிச்சென்று தெரியும்.

ஜன்னலை மூடிவிடுங்கள், வெயிலும் விளக்கும் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் அடிக்கும். எப்போதாவது புதிய விளக்கு வாங்குவதாக இருந்தால், எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ அளவு 95க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். அது குறைந்த விளக்கில் மிளகாய்த்தூளின் சிவப்பு செங்கல்பொடி போலத் தெரியும்.