கோர்ட் கதவு திறந்திருக்கும், கோப்பு?

டெல்லி நீதிமன்றங்களில் இருபது வருடம் செய்தி சேகரித்தவன் நான். நம் ஊர்க்காரர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

ஆர்.கே.புரம் இதழியல் மாணவி: விசாரணையைப் பார்க்கப் போனேன். பத்திரிகை அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியா சார்?

சரியில்லைம்மா. திறந்த நீதிமன்றம்தான் பொதுவிதி என்று 1966-இல் மிராஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. (தேவைப்பட்டால் நீதிபதி செய்தியைத் தடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவைத்தது.) உட்கார்ந்து பார்க்க அட்டை வேண்டாம், பொதுமக்களுக்கு உள்ள உரிமைதான் நமக்கும். போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள்), பாலியல் வன்கொடுமை வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். வழக்கு எண்ணும் அறை எண்ணும் கையில் இருந்தால் வாசலில் பேச்சு குறையும்.

மயூர் விஹார் நிருபர்: நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதை எழுதலாமா?

எழுதலாம். 2021-இல் கொரோனா காலத் தேர்தல் பிரசாரத்தைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது, அந்தத் தடை கிடைக்கவில்லை. ஆனால் நீதிபதி ‘கேட்டார்’ என்பது வேறு, ‘உத்தரவிட்டார்’ என்பது வேறு. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

கரோல் பாக் வாசகர்: குற்றப்பத்திரிகை நகலை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.

மறுக்கத்தான் செய்வார்கள். நீதிமன்ற ஆவணம் வேண்டுமென்றால் அந்த நீதிமன்ற விதிப்படிதான் கேட்க வேண்டும், ஆர்டிஐ வழி கிடையாது என்று 2020-இல் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால் காரணம் காட்டி மனுப் போட வேண்டும். குற்றப்பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றச் சொல்லி பத்திரிகையாளர் சௌரவ் தாஸ் தொடர்ந்த வழக்கும் 2023-இல் தள்ளுபடியானது. எஃப்ஐஆர் மட்டும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வர வேண்டும் என்பது 2016 உத்தரவு, அதிலும் விதிவிலக்குகள் உண்டு. பார்க்கத் திறந்திருக்கும் கதவு படிக்க மட்டும் ஏன் மூடுகிறது என்று எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

முனிர்கா வாசகர்: அதிகாரி ஒருவரைப் பற்றிய தகவல் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒரே வரியில் பதில் வருகிறது.

முன்பு ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே) பொதுநலன் இருந்தால் கொடு என்றது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை வெட்டிவிட்டது. 2025 நவம்பரிலிருந்து அந்த மாற்றம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் பிரிவு 8(2) பிழைத்திருக்கிறது, அதைப் பெயர் சொல்லி எழுதி, பொதுநலன் என்னவென்று விளக்குங்கள். இன்னொன்று, ‘ஏன் செய்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கோப்புக் குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் உங்கள் முனிர்காவிலேயே இருக்கும் மத்தியத் தகவல் ஆணையம்.

லோதி காலனி மாமி ஒருவர்: தமிழில் மனு எழுதலாமா?

டெல்லியில் தமிழில் முடியாது மாமி, ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுத உதவ வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி உதவிய அலுவலரை நான் இன்னும் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்.