சுற்றிலும் உப்புக்கடல், பவழத்தீவில் தென்னை எப்படி வளர்கிறது?

பவழ உயிரிகளின் சுண்ணாம்புக் கூடுகள் வளையமாக எழும்பி, மேலே மணல் சேர்ந்த திட்டுதான் பவழத்தீவு. லட்சத்தீவில் பெரும்பாலும் அப்படித்தான். ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் தங்கிவிடுகிறது. காசிமேட்டு மீன்குழம்பு ஆறியதும் எண்ணெய் மேலே ஒதுங்கி நிற்குமே, அதுபோல. (எண்ணெய் கலக்காது, இது மெல்லக் கலக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.) நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே 40 அடி இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு, சிறு தீவுகளில் அவ்வளவு இராது.

தென்னையும் தாழையும் அந்த நன்னீரை நம்பித்தான் நிற்கின்றன. கரையோரம் அடப்பங்கொடி. எண்ணூர் மணலில் ஊதாப்பூவோடு படருமே, அதேதான். கிணறு வெட்டி நன்னீரை நாம் அதிகம் உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் கடல்நீர் புகுந்த கதை நமக்குத் தெரியுமே.

அப்புறம், மணல் கடல்நீரை வடிகட்டித் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, அது மழைநீர்தான்.