ஒரே கிளையில் வெள்ளைக் கொழுந்து

கேள்வி: எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில், ஒரு தேயிலைச் செடியின் ஒரு கிளையில் மட்டும் கொழுந்து வெள்ளையும் பச்சையுமாகத் துளிர்க்கிறது. கவ்வாத்து வெட்டிய பிறகும் அதே கட்டையிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. மருந்து அடித்த கோளாறு என்கிறார் கங்காணி. கண்ணூறு என்கிறார் மாமியார். எது சரி?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். மருந்துச் சூடோ உரக் குறையோ என்றால் பக்கத்துக் கிளைகளிலும் பக்கத்துச் செடிகளிலும் தெரிந்திருக்கும். கத்தி விழுந்த பிறகும் அதே கட்டையில் அதே நிறம் என்றால், மாற்றம் அந்தக் கிளையின் டீ.என்.ஏ. என்ற பரம்பரைக் குறிப்பேட்டிலேயே ஏறிவிட்டது. பாடநூலில் இதற்கு விகாரம் என்று பெயர். அவ்வளவு அழகான கொழுந்துக்கு இந்தப் பெயரை வைத்தவர் மலைப்பக்கம் வந்திருக்கமாட்டார்!

என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுத்து எழுதிய 18 கிலோ, மறு பேரேட்டில் 13 ஆகிவிடும். மாலையில் சரிபார்த்துத் திருத்துவார், ஒன்றிரண்டு தப்பிவிடும். செடியின் உயிர்க்கலம் (செல்) இரண்டாகப் பிரியும்போதும் இதே கதைதான். தேயிலையின் டீ.என்.ஏ. எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி, கிட்டத்தட்ட நமக்கு உள்ள அளவு. அத்தனையையும் ஒவ்வொரு முறையும் படியெடுக்க வேண்டும். சரிபார்க்கும் நொதியங்கள் இருந்தும், ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை தங்கிவிடுகிறது. படியெடுக்காமல் சும்மா இருக்கும்போதும் நிம்மதியில்லை: வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்த இரு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். கலத்துக்குள் இருக்கும் தண்ணீரே சில எழுத்துகளை மாற்றிவிடும். உங்கள் செடியில் எது நடந்தது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிழை விழுந்தது ஒரு மொட்டின் ஒரு கலத்தில். அதன் வழிவந்த கலங்களுக்குப் பச்சையம் சரியாகக் கைவரவில்லை. மற்றக் கிளைகள் வேறு மொட்டுகளில் பிறந்தவை, அதனால் தப்பின.

இதை நோய் என்று பிடுங்கிவிடாதீர்கள். சீனாவில் அஞ்சி என்ற ஊரில், குளிர்காலம் முடிந்ததும் வெளிறிய கொழுந்து விடும் ஒரு தேயிலை வகை நல்ல விலைக்குப் போகிறது, அதுவும் விகாரம்தான். விதை போட்டால் இந்த நிறம் வருமென்று நம்ப முடியாது. அந்தக் கிளையின் நடுப்பகுதியில் ஓர் இலையோடு துண்டு வெட்டித் தவறணையில் (நாற்றுமேடையில்) வையுங்கள். பச்சை கலந்த இலையாகப் பாருங்கள். முழு வெள்ளை பிழைக்காது.