கருத்துக் கேட்பு முடியும்வரை அப்பீலைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: இலங்கையிலிருந்து வந்த என் தம்பியின் தஞ்சக் கோரிக்கையை ஹோம் ஆபீஸ் (பிரிட்டிஷ் உள்துறை) மறுத்துவிட்டது. கடிதம் அனுப்பி ஒன்பது நாள் கழித்துத்தான் இங்கே லண்டனில் கைக்கு வந்தது. அப்பீல் விதிகளை மாற்றக் கருத்துக் கேட்கிறார்கள், புதிய விதியில் கூடுதல் நாள் கிடைக்கும், பொறுங்கள் என்கிறார் எங்களுக்குப் படிவம் நிரப்பித் தருபவர். பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே அப்பீலைப் போடுங்கள். அப்பீல் விதிகளை எழுதும் தீர்ப்பாய விதிக் குழு கருத்துக் கேட்பதால் எந்த விதியும் மாறிவிடாது. குழு முடிவெடுத்து, நீதித்துறை அமைச்சரான லார்ட் சான்சலர் ஒப்புதல் தந்து, பாராளுமன்றத்தின் முன் வைத்த பிறகுதான் மாறும். அதுவரை 2014ஆம் ஆண்டு விதிகள்தான். மாறினால் நாள் கூடும் என்று யார் சொன்னது? தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்கு நாட்களைச் சுருக்கிய விரைவு விதிகளை 2015இல் நீதிமன்றமே ரத்துச் செய்ய வேண்டியிருந்தது.

பிரிட்டனுக்குள் இருப்பவருக்கு அப்பீல் போட 14 நாள். அதுவும் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அல்ல, அனுப்பிய நாளிலிருந்து. ஆக, கைக்கு வந்தபோதே உங்களுக்கு மிஞ்சியது ஐந்து நாள். விசாரணைக்கு மாதக்கணக்கில் காக்க வைப்பவர்கள் உங்களுக்குத் தருவது இவ்வளவுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அப்பீலைப் போட்ட பிறகு விதிக் குழுவுக்கும் இதை எழுதுங்கள், யாரும் எழுதலாம்.

நாள் கடந்துவிட்டால்? அப்போதும் போடுங்கள். ஆனால் கால நீட்டிப்புக் கோரிக்கையும் தாமதத்துக்கான காரணமும் அதே அப்பீலில் இருக்க வேண்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். "கடிதம் பிந்தி வந்தது" என்ற ஒரு வரி போதாது. முத்திரை தெரியும்படி உறையைப் படமெடுங்கள். கடிதத்தை யார் வாங்கினார், எப்போது தம்பியிடம் கொடுத்தார் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். கைக்கு வந்த பிறகு போன ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும். நீட்டிப்புத் தருவது நீதிபதியின் முடிவு, உங்கள் உரிமை அல்ல.

இனி அந்தப் படிவக்காரர். சொலிசிட்டர் போன்ற தகுதிபெற்ற வழக்கறிஞராகவோ குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்தவராகவோ இல்லாதவர் இப்படி ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவை இணையத்தில் நீங்களே பார்க்கலாம். இப்படிப்பட்ட சிலர் ஒருவருடைய கதையையே பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், ஹோம் ஆபீஸ் நேர்முகத்தில் சொன்னதோடு அது முரண்பட்டால் மாட்டுவது உங்கள் தம்பிதான். அப்பீல் கட்டணத்தில் அறுபது பவுண் மிச்சம் என்று சொல்லி, நேரடி விசாரணை கேட்காமல் காகிதத்திலேயே முடிக்கச் சொல்வார்கள். உடன்படாதீர்கள், தம்பி நீதிபதி முன் பேச வேண்டும். அரசு செலவேற்கும் சட்ட உதவியோ தஞ்ச உதவித்தொகையோ கிடைப்பவருக்கு அந்தக் கட்டணமே இல்லை, அதனால் முதலில் சட்ட உதவி வழக்குகளை எடுக்கும் சொலிசிட்டரைத் தேடுங்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது, தொடர்புக்கான இடத்தில் அவருடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவது. விசாரணைத் தேதி அவருக்குப் போகும், காசு கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். தம்பியின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.