யுகுலேலே: எட்டு வடிவமா, அன்னாசி வடிவமா? ஒலி மாறுமா?

குட்டி கிதார் போன்ற யுகுலேலேயை முதல்முறையாகச் செய்யப் போகிறவரின் கேள்வி போலத் தெரிகிறது. அப்படியானால் அன்னாசியைத் தேர்ந்தெடுங்கள். வடிவம் ஒலியைக் கொஞ்சம்தான் மாற்றும். செய்கிறவரின் வேலையைத்தான் நிறைய மாற்றும்.

கிதார் மாதிரி எட்டு வடிவத்தில் இடுப்பு உண்டு. பக்கப்பலகையை ஈரமாக்கி, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்கும்போது ஒரு வளைவு வெளிப்பக்கம் போகும், இடுப்பில் உள்ளே திரும்பும், மறுபடி வெளியே போகும். திரும்பும் அந்த இடத்தில்தான் மரம் வெடிக்கும். சின்ன வாத்தியம் என்பதால் வளைவு இன்னும் இறுக்கம். அன்னாசிக்கு இடுப்பே கிடையாது, ஒரே பக்கமாக வளைத்துக்கொண்டே போகலாம். வீணையும் தம்புராவும் பலாமரத்தில் குடைந்து செய்யப்படுவதால், நம் ஊர் ஆசாரிகளிடம் கேட்டாலும் இந்த வளைக்கும் வேலைக்குப் பெரிதாக உதவி கிடைக்காது.

1879-இல் மடெய்ராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன சின்ன கிதார் போன்ற வாத்தியத்திலிருந்து வந்தது யுகுலேலே. எட்டு வடிவம் அதன் பிறப்போடு வந்தது. ஹோனலுலுவில் சாமுவேல் கமாகா 1920-களில் அன்னாசி வடிவத்தைக் கொண்டுவந்து 1928-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் குடும்பம் இன்னும் அதைச் செய்கிறது. எளிதான வடிவம் என்றால் மட்டமான வடிவம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரே மகோகனிப் பலகையை அறுத்து இரண்டு வடிவத்திலும் செய்து பார்த்தேன். ஒரே நீளம், ஒரே மேல்பலகைக் கனம், உள்ளே ஒட்டிய குச்சிகளும் ஒரே மாதிரி, நரம்புகளும் ஒரே பாக்கெட். எட்டு வடிவத்தின் பக்கங்களை வளைக்கவே ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. முடிந்ததும், நன்றாக வாசிக்கத் தெரிந்த என் தங்கை மகளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மாற்றி மாற்றி மீட்டினேன். அன்னாசி சற்று உருண்டு கேட்கிறது என்றாள், அதுவும் யோசித்துத்தான் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

காரணம் இடுப்பு இல்லை என்பதல்ல, இடுப்பு இல்லாததால் உள்ளே காற்றுக்கு இடம் கூடியது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வரும் சத்தம் போலத்தான் இதுவும்: உள்ளிடம் பெரிதானால் காற்றின் சுருதி இறங்கும், துளை பெரிதானால் ஏறும். ஒலித்துளைக்குள் வாய்வைத்து மெல்ல 'ம்' என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒரு சுருதியில் பெட்டி பதில் கொடுக்கும். துளையைப் பாதி அட்டையால் மூடினால் அந்தச் சுருதி கீழே போகும். அதாவது, அன்னாசியில் கிடைத்த வித்தியாசத்தை எட்டு வடிவத்திலும் பக்கத்தின் ஆழத்தைக் கூட்டிப் பெருமளவு கொண்டுவந்துவிடலாம்.

“ஒரு ஜோடியை வைத்து முடிவு சொல்லலாமா?” என்று கேட்பவர்கள் வருவார்கள். சரி, ஒரே பலகையிலும் மரம் இடத்துக்கு இடம் மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேல்பலகையைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாக இழைத்தால் கேட்கும் மாற்றத்துக்கு முன் இந்த வடிவ வித்தியாசம் சிறியது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுருட்டுப் பெட்டியில் கழுத்தை மாட்டிக்கூட யுகுலேலே செய்திருக்கிறார்கள், அதுவும் பாடும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். ஆசையாகச் செய்து தரச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் விலையைச் சொன்னதும், “குட்டி கிதார்தானே, இவ்வளவா?” என்கிறார்கள். சின்னது என்றால் மரம் மட்டும்தான் மிச்சம். கழுத்தின் குறுக்கே வரும் ஃபிரெட் கம்பி ஒவ்வொன்றையும் பதிக்க வேண்டும், நரம்புகளை மேல்பலகையில் தாங்கும் பிரிட்ஜை இடம் பார்த்து ஒட்ட வேண்டும், நீளம் குறைவு என்பதால் இம்மி தள்ளிப்போனாலும் சுருதி பிசகிவிடும். கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று காட்டுகிறார்கள். அந்தக் கடை வாத்தியத்தின் ஒலித்துளை ஓரத்தைப் பார்க்கச் சொன்னால், மூன்று அடுக்கு பிளைவுட் அப்பட்டமாகத் தெரிகிறது. முழு மரம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வாங்கும் முன் அந்த ஓரத்தைப் பாருங்கள்: மேலே ஓடும் மரக்கோடு கனத்திலும் இறங்கினால்தான் முழு மரம்.

நீங்கள் தொடங்கும்போது பக்கப்பலகையை 2 மில்லிமீட்டருக்குக் கீழே இழைத்த பிறகே குழாய்க்குக் கொண்டுபோங்கள். அன்னாசிக்கு இடுப்பு இல்லாததால் தொடையில் நிற்காது, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டு வாசிப்பவர் என்றால் வாருக்கு ஒரு குமிழை அடியிலேயே வைத்துவிடுங்கள்.