ஸ்மார்ட் ஸ்பீக்கர் பேசுகிறது, பாட மட்டும் மாட்டேன் என்கிறது: ரீசெட் செய்யலாமா?

மணி கேட்டால் சொல்கிறது, மழை வருமா என்றால் பதில் வருகிறது, பாட்டு போடச் சொன்னால் மட்டும் ஏதோ சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறது, ஃபாக்டரி ரீசெட் (எல்லா செட்டிங்ஸையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மணி சொல்கிறது என்றால் மைக் சரியாக இருக்கிறது, வைஃபை இருக்கிறது, அந்தக் கம்பெனியின் சர்வரோடு தொடர்பும் இருக்கிறது என்று அர்த்தம். பழுது அநேகமாகப் பெட்டிக்குள் இல்லை, ஸ்பீக்கரை இணைத்திருக்கும் உங்கள் கணக்கில் (அக்கவுண்டில்) இருக்கிறது.

நீங்கள் சொன்னது முதலில் சர்வருக்குப் போய் எழுத்தாக மாறுகிறது. எந்தப் பாட்டுச் சேவையில் தேடுவது என்று உங்கள் கணக்கைப் பார்த்து முடிவு செய்கிறது. அப்புறம் பாட்டு இருக்கும் இடத்தை ஸ்பீக்கருக்குச் சொல்கிறது, ஸ்பீக்கர் அதை நேராக இணையத்திலிருந்து எடுத்துப் பாடுகிறது. இதில் உங்கள் போனுக்கு வேலையே இல்லை, அதனால் "போனில் நன்றாகப் பாடுகிறதே" என்பதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது (போன் அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவில்கூட இருக்கலாம்). பாட்டுச் சேவையின் இணைப்பு கணக்கில் பதிவாகியிருப்பதால் ரீசெட் செய்தாலும் அது அப்படியேதான் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டைத் தேடி, ஆப்பில் மறுபடி சேர்த்து, அரை மணி நேரம் போனபிறகு அதே பதிலைத்தான் கேட்பீர்கள்.

முதலில் ஏதாவது ஒரு வானொலி நிலையத்தைப் போடச் சொல்லிப் பாருங்கள். வானொலிக்குப் பெரும்பாலும் சந்தா தேவையில்லை. அது பாடினால் பெட்டியும் வைஃபையும் சரி, பாட்டுச் சேவையில்தான் சிக்கல். அடுத்து போனில் பாட்டு ஆப்பைத் திறந்து, அதிலிருந்தே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துப் பாட்டை அனுப்புங்கள். இப்படி அனுப்பினால் பாடி, வாயால் கேட்டால் மட்டும் பாடவில்லை என்றால், ஒன்று நீங்கள் சொல்வது அதற்குத் தவறாகக் கேட்கிறது, இல்லையென்றால் அது வேறு சேவையில் போய்த் தேடுகிறது.

அதனால் ஸ்பீக்கரின் ஆப்பில் மியூசிக் செட்டிங்ஸ் போய், டீஃபால்ட் சேவை (பெயர் சொல்லாமல் கேட்டால் அது தேடும் சேவை) எது என்று பாருங்கள். இங்கேதான் நிறையப் பேருக்கு விடை கிடைக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் தேர்ந்தெடுத்த சேவை இன்று இல்லாமலே போயிருக்கலாம். ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது, விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அதே வருடம் ஆகஸ்டில் அறிவித்தார்கள், கானா 2022-லேயே கட்டணச் சேவையாக மாறியது. சேவை உயிரோடு இருந்தாலும் நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் ஸ்பீக்கரோடு இருந்த இணைப்பு சத்தமில்லாமல் அறுந்திருக்கலாம். இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள், இரண்டு நிமிட வேலை. சந்தா ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோபே விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து கார்டில் மாதாமாதம் பணம் எடுக்க நம் ஒப்புதல் தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும், பழைய கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்திருந்தால் சந்தா நின்றுபோயிருக்க வாய்ப்புண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த ஸ்பீக்கர் என்றால் கணக்கில் நாடு எது என்று பாருங்கள், அது அமெரிக்கா என்றிருந்தால் இந்தியச் சேவைகள் பட்டியலிலேயே வராமல் போகலாம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் அம்மா தனியாக இருக்கிறார், காலையில் பக்திப் பாட்டு கேட்கட்டும் என்று ஒரு ஸ்பீக்கர் வாங்கி என் கணக்கில் இணைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் போன் வந்தது: "என்னப்பா, பெட்டி பாதியில நின்னுடுது, திரும்பப் போட்டாலும் கொஞ்ச நேரத்துல நிக்குது." தினமும் காலை எட்டரை மணி வாக்கில். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன், ஸ்பீக்கரை ரவுட்டர் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன், ஊருக்குப் போனபோது அடாப்டரைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அம்மாதான் பேச்சோடு பேச்சாக, "ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லாப் பாடுது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் தங்கை எட்டரைக்கு ஆபீஸ் பஸ் ஏறுவாள், ஏறியதும் காதில் பாட்டு. அவள் போனில் இருந்ததும் என் கணக்குதான். தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும், அவள் அங்கே போட்டதும் அம்மாவுக்கு இங்கே நின்றுவிடும். தங்கை தனியாக ஒரு கணக்கு எடுத்துக்கொண்டாள், அன்றிலிருந்து பெட்டி நிற்கவில்லை. குடும்பத் திட்டம் 6 பேர் வரை தருகிறார்கள், ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று பல சேவைகளில் நிபந்தனை இருப்பதால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. உங்கள் வீட்டிலும் எந்த நேரத்தில் பாடவில்லை, யார் கேட்டால் பாடவில்லை என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். கூகுள் ஸ்பீக்கர்களில் குரலை அடையாளம் காணும் வசதி இருப்பதால் அப்பா கேட்டால் அப்பா கணக்கிலும் நீங்கள் கேட்டால் உங்கள் கணக்கிலும் தேடும், ஒருவருக்குப் பாடி இன்னொருவருக்குப் பாடாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கணக்கெல்லாம் சரி, ஆனாலும் "கிடைக்கவில்லை" என்கிறதா? ஆப்பில் குரல் பதிவுகள் அல்லது ஆக்டிவிட்டி என்ற இடத்தில் அது உங்களிடம் கேட்டதாக நினைத்ததை எழுத்தில் காட்டும். தயவுசெய்து அதைப் படித்துப் பாருங்கள். தமிழ்ப் பாட்டின் முதல் வரியை அது ஆங்கிலச் சொற்களாகப் பிடித்து எதையோ தேடிக்கொண்டிருக்கும். மொழியை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றினால் கொஞ்சம் மேம்படும். இதைவிட உறுதியான வழி, வேண்டிய பாட்டுகளை ஒரு பிளேலிஸ்டில் சேர்த்து, "மார்னிங் ஒன்" மாதிரி அதற்குச் சுலபமாகப் புரியும் பெயர் வைப்பது. வயதானவர்கள் பயன்படுத்தும் ஸ்பீக்கருக்கு இதை அவசியம் செய்து கொடுங்கள், அவர்கள் நாலு தடவை கேட்டு அது புரியவில்லை என்றால் அப்புறம் தொடவே மாட்டார்கள். கேட்ட பாட்டுக்குப் பதில் வேறு ஏதோ பாட்டு வருகிறது என்றால் அது பழுதே இல்லை, யூடியூப் மியூசிக் இலவசக் கணக்கில் ஸ்பீக்கர் அப்படித்தான் அதே வகைப் பாட்டுகளைப் போடும்.

வைஃபையைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டுக்குத் தேவைப்படும் வேகம் மிகக் குறைவு, நல்ல தரத்தில்கூட நொடிக்கு 320 கிலோபிட் போதும், அதனால் 40 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்குவதில் இதற்கு ஒரு பயனும் இல்லை. பாட்டு ஆரம்பித்து, நடுநடுவே நின்று நின்று வந்தால் மட்டும் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். பீரோவுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் மேல், மைக்ரோவேவ் பக்கத்தில் வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள், மைக்ரோவேவ் ஓடுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கும் அதே அலைவரிசையில்தான். கரண்ட் போய் வந்த பிறகு பாடவில்லை என்றால் ரவுட்டர் முழுதாக எழுந்ததும் ஸ்பீக்கரை ஒருமுறை பிடுங்கி மாட்டுங்கள். கூடவே வந்த அடாப்டருக்குப் பதில் பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் பேசும்போது சரியாக இருக்கும், சத்தமாகப் பாடும்போது மின்சாரம் போதாமல் நின்றுபோகலாம்.

ப்ளூடூத்தில் வேறு அறையில் இருக்கும் ஸ்பீக்கரோடு இணைந்து அங்கே பாடிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரீசெட் எப்போது என்றால், மணி கேட்டாலும் பதில் வராமல், போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தாலும் அதே நிலை என்றால் மட்டும். உங்களுடையது மணி சொல்கிறது, அதனால் இன்றைக்கு வானொலி, டீஃபால்ட் சேவை, குரல் பதிவு இந்த மூன்றை மட்டும் பாருங்கள். அப்படியும் பாடவில்லை என்றால் பாட்டு போடச் சொன்னதும் அது சொல்லும் வாக்கியத்தை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கீழே எழுதுங்கள், எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.